யாத்தோரும் கேட்போரும்: ஐரோப்பிய அரசியல் யாப்புப் பற்றி ஒரு நோக்கு

தமிழிலே யாப்பு என்னும் சொல் இரு பொருளில் வழங்கி வருகின்றது. செய்யுளைக் கட்டும் விதியும் யாப்பு. அரசினைக் கட்டும் விதியும் யாப்பு. முன்னதை நாம் நாள்தோறும் வகுப்பறையிலே கற்பிக்கின்றோம். அசை பிரித்துச் சீர் காட்டித் தளை கூறும்படி மாணவரைப் பணிக்கின்றோம். பின்னதை நாமே முழுமையாகக் கற்றதில்லை. நம்மை ஆளுகின்ற யாப்பை நம்மில் எத்தனை பேர் முதலிலிருந்து இறுதிவரை வாசித்திருக்கின்றோம்? நமது நாட்டின் 1972ஆம் ஆண்டு யாப்பை அரசியல் நிர்ணய சபையும், 1978ஆம் ஆண்டு யாப்பைப் பாராளுமன்றமும் நிறைவேற்றின. இரண்டும் மக்களின் வாக்குக்கு விடப்படவில்லை. கேட்கப்படாதவன் எதற்காகப் படிக்க வேண்டும் என்று வாசகர் வினவலாம். அவ்வினா நியாயமானதே.

ஆகவேதான், ஒரு தேசத்து மக்கள் பெருந்தொகையாக ஓர் அரசியல் யாப்பைக் கையிலெடுத்து வாசித்து, வாதித்து, தீர்ப்பும் வழங்கிய நிகழ்ச்சி நமது கவனத்துக்குரியதாகின்றது. 2005 மே 29ஆம் திகதி பிரான்சிலே நடைபெற்ற சர்வஜன வாக்கெடுப்பையே இங்கு குறிப்பிடுகின்றோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 25 நாடுகளுடைய தலைவர்களும் 2004 ஒக்டோபர் 29ஆம் திகதி ரோமாபுரியிலே ஒப்பமிட்ட அரசியல் யாப்பு உடன்படிக்கையை ஏற்பதா, மறுப்பதா என்பதே அன்று மக்கள்முன் வைக்கப்பட்ட வினா. வாக்களித்தோரில் 54.67 வீதத்தினர் 'இல்லை' என்றனர். வாக்காளருள் ஏறக்குறைய 69 வீதத்தினர் வாக்குச்சாவடிக்குச் சென்றிருந்தனர். மூன்று நாட்களின் பின்னர், யூன் 1ஆம் திகதி, ஒல்லாந்து மக்கள் 61.5 வீத வாக்குகளால் அதே விடையைக் கூறினர்.

இந்நிகழ்ச்சி பற்றி அரசியலறிஞர் எழுதியவை பல. நாம் அரசியலறிஞரல்லோம், தமிழ் கற்பிப்போர். ஆனால் சட்டமும் சொற்களால் ஆயதே. கவிதையை ஆராயும்போது இதனைப் பாடியவன் யார், யாருக்காகப் பாடினான், எவர் நலனை நாடினான் என்றெல்லாம் வினவுகின்ற முற்போக்கு விமர்சகன், கோடிக்கணக்கானோரின் கூலியையும் தொழிலையும் கட்டுப்படுத்தப் புகும் ஒரு நூலைக் கண்டதும் வாய்மூடிவிட வேண்டும் என்பதற்கு நியாயமில்லை. அந்நூலையும் நூலாகவே நோக்குவோம்.

நூலொன்றை ஆராயப் புகுவோர் முதலிற் பாயிரத்தை நோக்குதல் நமது மரபு. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினையும் பாயிரம் தெரிவித்தல் வேண்டும் என நன்னூலார் வகுத்துள்ளார். பாடசாலையில் மனனஞ் செய்து மறந்துவிடும் பட்டியலென்றே பலரும் இதனைக் கருதுவர். உண்மையில் இது கூர்மையான ஒரு விமர்சனக் கருவி. ஐரோப்பிய யாப்பினை இக்கருவிகொண்டு அளந்தால், பிரெஞ்சுத் தொழிலாளி கண்டுகொண்ட குறைகள் பல நமக்கும் தெளிவாகின்றன.

ஆக்கியோன் யார்? 2002 பெப்ரவரி முதல் 2003 யூலை வரை கூடிய ஒரு சமவாயம் இதன் வரைவை ஆக்கியது. பிரான்சின் முன்னாள் சனாதிபதி வலெரி ஜிஸ்கார் தெஸ்தாங் அதன் தலைவர். நூற்றுக்கு மேற்பட்ட உறுப்பினரிற் பெரும்பாலோர் பல நாட்டுப் பாராளுமன்றங்களையும் ஐரோப்பியப் பாராளுமன்றத்தையும் சேர்ந்தோர். ஆதலின் மக்கட் பிரதிநிதிகள் எவரும் அங்கிருக்கவில்லை என்று கூறுவது பிழையாகும். ஆயின் யாப்பொன்றினை ஆக்குவதற்காக அவர்களுள் ஒருவரையேனும் எந்த நாட்டு மக்களும் தெரிவு செய்யவில்லை. 1789இல் தேசிய சபையைக் கண்ட நாடு பிரான்சு. யாப்பை ஆக்குவதற்கென்றே மக்கள் தம் பிரதிநிதிகளை அனுப்புதல் வேண்டும் என்ற எண்ணம் அந்நாட்டிலே ஆழ வேரூன்றியது. 'எங்களுக்காக எழுதினீர்கள், எழுதும்படி உங்களை அனுப்பியவர் யார்?' என்று அம்மக்கள் கேட்டதில் வியப்பில்லை.

பாயிரத்தின் முதற்சொல்லே இதனைக் காட்டிக்கொடுக்கின்றது. 2003ஆம் ஆண்டின் வரைவிலே, கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் பெரிக்கிளிசின் வாயிலாகக் கூறிய ஒரு கருத்து முகப்பிலே பொறிக்கப்பட்டிருந்தது. ஆட்சி சிலரது கையிலன்றிப் பெரும்பாலோரது கையில் இருத்தலே சனநாயகம் என்பது அதன் சாரம். ரோமாபுரியிலே ஒப்பமிடப்பட்ட இறுதி வாசகத்தில் அம்மேற்கோள் காணப்படவில்லை. அது இருந்த தலைவாயிலிலே பெல்ஜிய மன்னர் வந்து நின்றார். ஆம், இந்த யாப்பு 'மேன்மைதங்கிய பெல்ஜியர் மன்னர்' என்றே தொடங்குகின்றது. அவரைத் தொடர்ந்து மன்னரும் சனாதிபதிகளும் வரிசையாக வருகின்றனர். உடன்படிக்கைகளின் வழக்கம் அதுதான் என்று சட்டம் கற்றோர் கூறுவர். வழக்கம் அதுவாகலாம். ஆனால் மக்களின் யாப்பு என்று பறைசாற்றிய ஒரு நூல், எழுவாயாக மக்களைக் கொள்ளாமல் மன்னரைக் கொள்ளுமாயின், இலக்கணம் அறிந்தவன் அவ்வாக்கியத்தின் கருத்தா யாரென்பதை உடனே அறிந்துகொள்வான்.

நூற்பெயரை நோக்குவோம். 'ஐரோப்பாவுக்கான அரசியல் யாப்பொன்றினை நிறுவும் உடன்படிக்கை' என்பது இதன் முழுப்பெயர். உடன்படிக்கை அரசுகளுக்கிடையில் எழுவது. யாப்போ மக்களிடமிருந்து பிறப்பது. இரு வேறு இனத்தைச் சேர்ந்த நூல்களை ஒரே பெயரிற் பிணைத்தமை வெறும் சொற்சிக்கலன்று. யாப்புக்குரிய கௌரவத்தை நூல் தனக்கென எடுத்துக்கொண்டது. அதனைத் திருத்தும் வழியிலோ உடன்படிக்கைக்குரிய விதியையே பேணியது. 443ஆம் உறுப்புரையின்படி, அதனைத் திருத்த வேண்டுமாயின் உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒருமனதாக இசைதல் வேண்டும். இருபத்தைந்து நாடுகளுள் ஒன்று மறுத்தாலும் திருத்தமில்லை. ஒரு தலைமுறை தனது சட்டத்துக்கு வருங்காலத் தலைமுறைகளை அடிமையாக்குதல் ஆகாது என்று 1793ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமைப் பிரகடனம் விதித்திருந்தது. அதற்கு இரு நூற்றாண்டுகளின் பின்னர் அதே மக்களிடம் இத்தகைய பூட்டு நீட்டப்பட்டது.

இனி, நூலின் கட்டமைப்பு. மொத்தம் 448 உறுப்புரைகள். அவற்றோடு 36 இணைப்பேடுகள். முதற்பகுதி ஒன்றியத்தின் நோக்கங்களையும் நிறுவனங்களையும் 60 உறுப்புரைகளிற் கூறுகின்றது. இரண்டாம் பகுதி 54 உறுப்புரைகளிலே அடிப்படை உரிமைகளைத் தருகின்றது. மூன்றாம் பகுதியே பொருளாதாரக் கொள்கைகளை விரிக்கின்றது. அதற்கு மட்டும் 322 உறுப்புரைகள். இறுதிப்பகுதி பன்னிரண்டே. உடலைக் காட்டிலும் வால் நீண்ட விலங்கு போல்வது இவ்வமைப்பு. முதலிரு பகுதிகளும் 2003 யூனிலே அரசத் தலைவர்களின் தெசலோனிக்கி மாநாட்டுக்குச் சமர்ப்பிக்கப்பட்டன. மிகப் பெரிதான மூன்றாம் பகுதி யூலையிலேயே முற்றுப்பெற்றது.

மூன்றாம் பகுதியிற் புதியது யாதுமில்லை, 1957இன் ரோமாபுரி உடன்படிக்கையும் 1992இன் மாஸ்திரிக்ட் உடன்படிக்கையும் கூறியவற்றையே அது தொகுத்துரைக்கின்றது என்பது ஆதரவாளரின் வாதம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. மூலதனம் தடையின்றி நாடுவிட்டு நாடு பெயர்தல், மத்திய வங்கி விலைவாசி நிலைபேற்றையே தன் முதற் குறிக்கோளாகக் கொள்ளுதல், போட்டி திரிபடையாது நிலவுதல் முதலியன முன்பே விதிக்கப்பட்டவைதாம். ஆனால் பழைய விதிகளைப் புதிய யாப்பினுள் இட்டு 'ஏற்கிறீர்களா?' என்று மக்களிடம் கேட்டவர்கள், மக்கள் அவ்விதிகளைப் பற்றியும் விடையளிப்பர் என்பதை எதிர்பார்த்திருத்தல் வேண்டும். அரை நூற்றாண்டாகக் கேட்கப்படாத வினா அன்று முதன்முறையாக முழுமையாகக் கேட்கப்பட்டது. அரை நூற்றாண்டின் விடை ஒரே நாளில் வந்தது.

அரசியல் யாப்பு எதனைக் கூற வேண்டும்? ஆட்சி எவ்வாறு நடத்தப்படும், உரிமைகள் எவ்வாறு காக்கப்படும் என்பவற்றையே அது கூறுதல் முறை. எந்தப் பொருளாதாரக் கொள்கையைக் கையாள்வது என்பதைத் தேர்தல்தோறும் மக்கள் தீர்மானிப்பர். இடதுசாரிகள் வென்றால் ஒரு கொள்கை. வலதுசாரிகள் வென்றால் வேறொரு கொள்கை. இந்த நூலோ, சுதந்திரமானதும் திரிபற்றதுமான போட்டி நிலவும் சந்தையை மூன்றாம் உறுப்புரையிலேயே ஒன்றியத்தின் நோக்கங்களுள் ஒன்றாக வைத்தது. யார் வென்றாலும் கொள்கை மாறாது என்று யாப்பே விதித்துவிடுமாயின், தேர்தல் என்பது ஆளை மாற்றும் சடங்காகின்றது. பிரெஞ்சு இடதுசாரிகள் இந்நூலை எதிர்த்தமைக்கு இதுவே தலையாய காரணம் என நாம் கருதுகின்றோம்.

இரண்டாம் பகுதியை விமர்சகன் நிதானமாக நோக்குதல் வேண்டும். மனித மாண்பு, சமத்துவம், மரணதண்டனை விலக்கு, சிறுவர் உரிமை ஆகியன அங்கு இடம்பெற்றுள்ளன. இவற்றை எள்ளி நகையாடுவது முற்போக்காளருக்கு அழகன்று. பத்து லட்சம் குடிமக்கள் ஒப்பமிட்டுப் புதிய சட்ட முன்மொழிவொன்றைக் கோரலாம் என முதற்பகுதி கூறுவதும், தெரிவுசெய்யப்பட்ட ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்குக் கூடிய அதிகாரம் அளிப்பதும் வரவேற்கத்தக்கனவே. ஐரோப்பியத் தொழிற்சங்கச் சம்மேளனம் இந்நூலை ஆதரித்தமைக்கு இவையே காரணமாயின. அவர்களையெல்லாம் துரோகிகள் என்று ஏசிவிட்டு அப்பாற் செல்வது விமர்சனமாகாது.

ஆனால் சொற்களைச் சற்று உற்று நோக்குவோம். பிரான்சின் 1946ஆம் ஆண்டு யாப்பின் முகவுரை, ஒவ்வொருவருக்கும் உத்தியோகம் பெறும் உரிமை உண்டு என்று கூறியது. ஐரோப்பிய யாப்பின் 75ஆம் உறுப்புரையோ, தொழிலில் ஈடுபடும் உரிமை உண்டு என்கின்றது. முன்னதிலே தொழிலை அளிக்கும் கடமை சமூகத்தைச் சாருகின்றது. பின்னதிலே தொழிலைத் தேடிக்கொள்ளும் பொறுப்பு தொழிலாளியைச் சாருகின்றது. 'பெறுதல்' என்னும் வினை 'ஈடுபடுதல்' என்று மாறியபோது ஓர் உரிமை கைநழுவிற்று. அவ்வாறே 94ஆம் உறுப்புரை சமூகப் பாதுகாப்புப் பெறும் உரித்தினை ஒன்றியம் ஏற்று மதிக்கின்றது என்கின்றது. உறுதிசெய்கின்றது எனக் கூறவில்லை. மதித்தலும் உறுதிசெய்தலும் ஒன்றல்ல. பசித்தவனை மதிப்பது வேறு, அவனுக்குச் சோறிடுவது வேறு.

நூற் குற்றங்களுள் மாறுகொளக் கூறல் என்பதும் ஒன்று. 88ஆம் உறுப்புரை வேலைநிறுத்த உரிமையை ஏற்கின்றது. மூன்றாம் பகுதியின் 210ஆம் உறுப்புரையோ, சமூகக் கொள்கை பற்றி ஒன்றியம் ஆற்றக்கூடிய செயல்களை விரித்துவிட்டு, கூலிக்கும் சங்கம் அமைக்கும் உரிமைக்கும் வேலைநிறுத்த உரிமைக்கும் இது பொருந்தாது என்று முடிக்கின்றது. மூலதனம் ஐரோப்பா முழுவதிலும் ஒரே சட்டத்தின் கீழ் உலாவலாம். தொழிலாளியின் கூலியும் போராட்டமும் மட்டும் தத்தம் நாட்டெல்லைக்குள் அடங்கிக் கிடத்தல் வேண்டும். இரு உறுப்புரைகளையும் அருகருகே வைத்து வாசிக்காதவர்களுக்கு இது புலப்படாது. வாசித்தவர்களுக்குப் புலப்பட்டது.

கலை இலக்கியத்தில் ஈடுபாடுடையோர் எட்டாம் உறுப்புரையையும் நோக்குதல் வேண்டும். கொடி, பணம், வாசகம், கீதம் ஆகிய சின்னங்களை அது வகுக்கின்றது. பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் வரும் மகிழ்ச்சிப் பாடலை அடிப்படையாகக் கொண்டது ஒன்றியத்தின் கீதம். அப்பாடலின் சொற்கள் ஜெர்மானியக் கவி ஷில்லருடையவை. மானிடர் அனைவரையும் சகோதரராகக் காணும் கனவு அச்சொற்களில் உண்டு. ஆனால் ஐரோப்பிய கீதத்துக்குச் சொற்களே இல்லை. இசை மட்டுமே கொள்ளப்பட்டது. உறுப்புரையிலே ஷில்லரின் பெயருமில்லை. பல மொழிகள் வழங்கும் ஒன்றியத்திலே ஒரு மொழிக்கு முதன்மை அளித்தல் ஆகாது என்பது அதற்குரிய காரணம். அக்காரணத்தை நாம் மதிக்கின்றோம். மொழிச் சமத்துவம் பற்றி நமக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. ஆயினும் சகோதரத்துவத்தை மெட்டாகவும், போட்டியைச் சட்டமாகவும் கொண்ட ஒரு நூலிலே இந்த மௌனம் பொருள் பொதிந்ததாகவே தோன்றுகின்றது.

இப்போது கேட்போரிடம் வருவோம். நமது பாயிர இலக்கணம் கேட்போரையும் நூலின் ஓர் அங்கமாகக் கொண்டமை எத்துணை ஆழமான சிந்தனை! சனாதிபதி ஜாக் சிராக் 2004 யூலை 14ஆம் திகதி வாக்கெடுப்பை அறிவித்தார். உடன்படிக்கையின் வாசகம் நான்கு கோடிக்கு மேற்பட்ட வாக்காளருக்கும் அனுப்பப்பட்டது. ஆளும் கட்சியும் சோசலிஸ்டுக் கட்சித் தலைமையும் பெரும்பாலான பெரிய பத்திரிகைகளும் 'ஆம்' என்றன. 2005 பெப்ரவரி 28ஆம் திகதி வெர்சாயிற் கூடிய இரு சபைகளின் பிரதிநிதிகளும் 730 வாக்குகளுக்கு எதிராக 66 என்ற நிலையிலே, உடன்படிக்கைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றினர். ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களித்த பிரதிநிதிகளிற் பத்தில் ஒன்பது பேர் ஒரு பக்கம். மூன்று மாதங்களின் பின்னர் மக்களிற் பெரும்பாலோர் மறுபக்கம். பிரதிநிதித்துவம் என்னும் சொல்லுக்கு இதனிலும் கடுமையான விமர்சனத்தை எந்த நூலாசிரியனும் எழுதியதில்லை.

இடைப்பட்ட அந்த மூன்று மாதங்களில் நடந்தது யாது? மக்கள் வாசித்தனர். தொழிற்சங்க மண்டபங்களிலும் சிற்றூர்ச் சபைக் கூடங்களிலும் நூற்றுக்கணக்கான குழுக்கள் கூடின. உறுப்புரை உறுப்புரையாக எடுத்து விளக்கின. கம்யூனிஸ்டுக் கட்சியும் அத்தாக் இயக்கமும், தலைமைக்கு மாறாக நின்ற சோசலிஸ்டுகளும் ஒரே மேடையில் ஏறினர். சீஜேற்றீ தொழிற்சங்கத்தின் பேரவை, தனது செயலாளரின் விருப்பத்துக்கு மாறாக, உடன்படிக்கையை நிராகரிக்க அதற்கு முன்னரே தீர்மானித்திருந்தது. மார்செய்ப் பகுதியின் பாடசாலை ஆசிரியரான எத்தியன் சுவார், தாம் வாசித்தறிந்த குறைகளைக் கட்டுரையாக்கி இணையத்தில் வெளியிட, அது நாடெங்கும் பரவிற்று. அவரது பிற்காலக் கருத்துக்கள் பல நமக்கு உடன்பாடானவையல்ல. ஆயினும் வகுப்பறையில் வாசிக்கக் கற்பிக்கும் ஒருவர், நாட்டின் சட்டத்தையும் அவ்வாறே வாசித்துக் காட்டினார் என்ற உண்மை ஆசிரியராகிய நமக்கு ஒரு சேதி சொல்லுகின்றது.

வாக்களித்த தொழிலாளரில் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் 'இல்லை' என்றதாகக் கணிப்புகள் தெரிவித்தன. உயர்பதவி வகிப்போரிற் பெரும்பாலோரும் தலைநகரின் செல்வர் வாழ் பகுதிகளும் 'ஆம்' என்றன. உடனே ஒரு குரல் எழுந்தது: மக்களுக்கு விளங்கவில்லை, சரிவர விளக்கியிருக்க வேண்டும்! இக்குரல் நமக்குப் பழக்கமானது. வகுப்பிலே முப்பது மாணவர் ஒரு வினாவுக்கு ஒரே விடையை எழுதி, அது வினாத்தாள் தயாரித்தவரின் விடையோடு பொருந்தாவிட்டால், மாணவர் அனைவரும் மூடர் என்று முடிவு கட்டும் பரீட்சகரின் குரல் அது. வினாவிலோ பாடத்திலோ பிழையிருக்கலாம் என்று அவர் எண்ணுவதேயில்லை.

ஆயின் 'இல்லை' என்றோர் அனைவரும் நம்மவரே என்று மகிழ்ந்துவிடுதல் தகாது. அதே விடையைத் தீவிர வலதுசாரியான ழான்-மரி லெபென்னும் கூறினார். தேசப்பற்றின் பெயரால் பிலிப் த வில்லியேயும் கூறினார். நாடு கடந்து சேவை புரிவோருக்கு அவரவர் தொழில் நிறுவப்பட்டுள்ள நாட்டுச் சட்டமே பொருந்தும் என்ற ஒரு முன்மொழிவு 2004இல் ஐரோப்பிய ஆணைக்குழுவினால் வெளியிடப்பட்டிருந்தது. அதன் கருத்தா ஒல்லாந்தரான பொல்கஸ்டைன். தொழிலாளரை ஒருவரோடொருவர் மோதவிடும் அவ்விதியை எதிர்ப்பது நியாயமே. ஆனால் எதிர்ப்பின் சின்னமாக நிறுத்தப்பட்டவன் யார்? முதலாளியல்லன், 'போலந்து நாட்டுக் குழாய்த் தொழிலாளி'. மலிந்த கூலிக்கு உழைக்க வரும் ஏழையைப் பூச்சாண்டியாக்கிக் காட்டினர். இடதுசாரிகளுட் பலர் இதனைக் கண்டித்தனர். கண்டித்த குரல் போதிய உரத்தோடு ஒலித்ததா என்பது ஐயத்துக்குரியது. வர்க்கத்தின் விடையும் இனத்தின் விடையும் ஒரே பெட்டிக்குள் விழும்போது, பெட்டிக்கு வெளியே அவற்றை வேறுபடுத்திக் காட்டுவது இடதுசாரிகளின் கடமை. அக்கடமை முழுமையாக நிறைவேறவில்லை.

பாயிரத்தின் இறுதி அங்கம் பயன். மக்களின் தீர்ப்பினால் விளைந்த பயன் யாது? பிரெஞ்சு வரலாறு இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் தந்திருந்தது. 1946 மே 5ஆம் திகதி நான்காம் குடியரசின் யாப்பு வரைவொன்று மக்களிடம் விடப்பட்டது. மக்கள் மறுத்தனர். அடுத்த மாதமே புதிய அரசியல் நிர்ணய சபை தெரிவு செய்யப்பட்டது. அது வேறொரு வரைவை ஆக்கி ஒக்டோபர் 13ஆம் திகதி மீண்டும் மக்களிடமே சென்றது. மக்கள் ஏற்றனர். மறுப்பை எழுத்தாளன் ஏற்றுக்கொண்டு நூலைத் திருத்தி எழுதி, அதே வாசகனிடம் மீண்டும் வந்தான். சனநாயகத்தின் நேர்மை இதுவே.

2005இன் பின்னர் நடந்தது வேறு. 2007 டிசம்பர் 13ஆம் திகதி லிஸ்பனிலே புதிய உடன்படிக்கை ஒப்பமிடப்பட்டது. 'அரசியல் யாப்பு' என்னும் பெயர் நீக்கப்பட்டது. கொடியும் கீதமும் பற்றிய உறுப்புரை நீக்கப்பட்டது. போட்டி பற்றிய தொடர் நோக்கங்களிலிருந்து எடுக்கப்பட்டு இணைப்பேடு ஒன்றினுள் வைக்கப்பட்டது. எஞ்சியவற்றிற் பெரும்பகுதி, பழைய உடன்படிக்கைகளின் இன்ன உறுப்புரையில் இன்ன சொல்லை நீக்கி இன்ன சொல்லைச் சேர்க்க என்ற திருத்தப் பட்டியலாகியது. ஏட்டுச் சுவடிகளில் பாடபேதம் பார்த்துப் பழகியோரும் பழைய உடன்படிக்கைகளை அருகில் வைத்தாலன்றி இதனை வாசித்துணர இயலாது. கருவிகள் அவையே, பெட்டியில் அடுக்கிய வரிசை மட்டுமே மாறியது என்னும் பொருள்பட ஜிஸ்கார் தெஸ்தாங்கே 2007இல் எழுதினார். முதல் நூல் வாசிக்கப்பட்டதாலேயே தோற்றது. இரண்டாம் நூல் வாசிக்க இயலாதவாறு எழுதப்பட்டது.

இம்முறை பிரெஞ்சு மக்களிடம் எவரும் கேட்கவில்லை. 2008 பெப்ரவரி 4ஆம் திகதி வெர்சாயில் 560 பேர் ஆதரிக்க, 181 பேர் எதிர்க்க, வழி திறந்துவிடப்பட்டது. சில தினங்களில் பாராளுமன்றம் உடன்படிக்கையை ஏற்பதற்கு அனுமதியளித்தது. சனாதிபதி சார்க்கோசி இதனைத் தமது 2007ஆம் ஆண்டுத் தேர்தற் பிரசாரத்திலேயே வெளிப்படையாகக் கூறியிருந்தார் என்பது உண்மை. அவர் மக்களை ஏமாற்றினார் எனக் கூறுதல் பொருந்தாது. ஆனால் நூறு விடயங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு தேர்தலின் வெற்றியைக்கொண்டு, ஒரே விடயத்தைப் பற்றிக் கேட்டுப் பெற்ற விடையை அழித்துவிடலாமா? மக்கள் அளித்த தீர்ப்பை மாற்ற வேண்டின் மக்களிடமே செல்லுதல் வேண்டும்.

மக்களிடம் சென்ற ஒரே நாடு அயர்லாந்து. அங்கு யாப்பின் விதியும் 1987ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றத் தீர்ப்பும் அதனைக் கட்டாயமாக்கியிருந்தன. 2008 யூன் 12ஆம் திகதி அயர்லாந்து மக்களில் 53.4 வீதத்தினர் மறுத்தனர். உடன்படிக்கையின் வாசகம் மாறவில்லை. சில உறுதிமொழிகள் மட்டும் வழங்கப்பட்டன. பொருளாதார நெருக்கடியின் நடுவே 2009 ஒக்டோபர் 2ஆம் திகதி மீண்டும் அதே வினா கேட்கப்பட்டது. 67.1 வீதத்தினர் 'ஆம்' என்றனர். 'ஆம்' என்ற பின்னர் மூன்றாம் முறை எவரும் கேட்கவில்லை. 2009 டிசம்பர் 1ஆம் திகதி உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

குற்றம் ஆள்வோருடையது மட்டுமா? 2005இல் ஒரே மேடையில் ஏறிய பிரெஞ்சு இடதுசாரிகள், 2007 சனாதிபதித் தேர்தலில் வெவ்வேறாக நின்றனர். கம்யூனிஸ்டுக் கட்சியின் வேட்பாளர் பெற்றது 1.93 வீதம். புரட்சிக் கம்யூனிஸ்டு லீக்கின் ஒலிவியே பெசன்சனோ பெற்றது 4.08 வீதம். விவசாயிகள் இயக்கத்தின் ஜோசே பொவே பெற்றது 1.32 வீதம். ஒன்றாக வாசித்தவர்களால் ஒன்றாக நிற்க இயலவில்லை. மறுத்த யாப்புக்குப் பதிலாகத் தமது யாப்பு எது என்று அவர்கள் எழுதிக் காட்டவுமில்லை. விமர்சனம் படைப்பாக மலரவில்லை. கேட்பாரற்றுக் கிடந்த மக்களின் கோபத்தைப் பின்னர் அறுவடை செய்தவர் யார்? லெபென்னின் மகள் 2022ஆம் ஆண்டின் இறுதிச் சுற்றிலே 41.5 வீத வாக்குகளைப் பெற்றார். அதற்குக் காரணங்கள் பல. ஆயினும் தமது சொல் செல்லாது என்று மக்களுக்குக் கற்பித்த அந்த 2008ஆம் ஆண்டும் அக்காரணங்களுள் ஒன்றெனவே நாம் கருதுகின்றோம்.

அவ்வாறாயின் அம்மூன்று மாத வாசிப்பு வீணாயிற்றா? நாம் அவ்வாறு எண்ணவில்லை. சட்டம் என்பது கற்றோருக்கே உரிய மறைபொருள் என்ற மயக்கம் ஒருமுறை உடைந்தது. துறைமுகத் தொழிலாளியும் தபாற் சேவகனும் தாதியும் 322 உறுப்புரைகளைத் திறந்து, இதில் எமது கூலி எங்கே, எமது சங்கம் எங்கே என்று தேடினர். தேடுவதற்கு அவர்கள் கொண்ட கருவி, நாம் பாடசாலையிலே கற்பிக்கும் எளிய வாசிப்புத்தான்: எழுவாய் எது, பயனிலை எது, இச்சொல்லுக்குப் பதில் அச்சொல் ஏன்?

இதனை எழுதுமுன் நமது உயர்தர வகுப்பு மாணவரிடம் நன்னூலின் எட்டு அங்கங்களையும் கூறுமாறு கேட்டோம். ஏழினைத் தடையின்றிக் கூறினர். விடுபட்டது 'கேட்போர்'. அது தற்செயலாகலாம். ஆயினும் அடுத்த வாரம் நமது நாட்டு அரசியல் யாப்பின் தமிழ்ப் பிரதியொன்றை வகுப்புக்குக் கொண்டுசெல்வதென முடிவு செய்துள்ளோம். முதல் உறுப்புரையின் எழுவாயைக் கண்டுபிடிப்பதே முதற் பயிற்சி.